மாலைக்குள் திரும்ப வேண்டிய மேலாடை

கேள்வி: பைபிளின் பழைய ஏற்பாட்டை முதல் தடவையாக வரிசையாகப் படித்து வருகிறேன். ஆதியாகமம் கதையாகவே ஓடிவிட்டது. யாத்திராகமத்தில் கடல் பிளந்து, மலை புகைந்து, பத்துக் கட்டளைகள் வந்து முடிந்ததும், திடீரென்று முட்டுகிற மாடு, மூடாமல் விட்ட குழி, அடகு வாங்கிய துணி என்று பேச்சு இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் கடவுளா சொல்ல வேண்டும்? ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கிற விஷயம்தானே? பாபிலோனியச் சட்டங்களைப் பார்த்து எழுதியவை என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் இதில் தெய்வத்தின் பங்கு எது? அந்த மக்கள் இவற்றை உண்மையிலேயே கைக்கொண்டார்களா? எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கும் இடத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட அந்த அடகுத் துணியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து வழி போகிறது.

1960இல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில், யாவ்னே-யாம் என்ற பழைய துறைமுகத்துக்குத் தெற்கே, ஒரு சிறு கோட்டையின் இடிபாடுகளை யோசப் நாவே என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். அங்கே சில துண்டுகளாக உடைந்த ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் மையால் எழுதிய எபிரேய எழுத்து, பதினான்கு வரி. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி என்பது ஆய்வாளர்களின் கணிப்பு; எருசலேமில் யோசியா ராஜா ஆண்ட காலம். எழுதியிருப்பது ஒரு மனு. அறுவடைக் கூலியாள் ஒருவன், எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கோட்டை அதிகாரிக்கு எழுத வைத்தது என்று கருதுகிறார்கள். தன் பங்கு அறுப்பை முடித்துத் தானியத்தைச் சேர்த்து வைத்துவிட்டதாகச் சொல்கிறான். அதன் பிறகும் ஓஷயாகு என்பவர் வந்து தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்கிறான். தன்னோடு வெயிலில் நின்று அறுத்தவர்கள் எல்லாரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். தான் குற்றமற்றவன், ஆடையைத் திருப்பித் தரச் செய்யுங்கள், அப்படிச் செய்யும் கடமை உங்களுக்கு இல்லையென்றாலும் இரங்குங்கள் என்று மன்றாடுகிறான். ஓடு அந்த இடத்தில் சிதைந்திருக்கிறது. அதிகாரி என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதற்குப் பதிவில்லை.

இந்த மனுவை யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் 26, 27ஆம் வசனங்களோடு சேர்த்துப் படியுங்கள். (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இந்நூல் ‘விடுதலைப் பயணம்’ என்ற பெயரில் இருக்கும்.) பிறனுடைய மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். காரணமும் அங்கேயே இருக்கிறது: அவனுக்கு இருக்கிற ஒரே போர்வை அதுதான், வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? யூதேய மலைநாட்டில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு குளிரும். பகலில் உடுத்தியதே இரவில் போர்வை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆடையைத் திருப்பித் தராதவனுக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அபராதம் இல்லை, சவுக்கடி இல்லை, நியாயாதிபதியின் பெயர்கூட இல்லை. இருப்பது ஒன்றுதான். அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன், நான் இரக்கமுள்ளவன் என்று கடவுளே அங்கே பேசுகிறார். கேட்பேன் என்பதே அந்தச் சட்டத்தின் முழு அதிகாரமும். கடன் கொடுத்தவன் ராஜாவுக்கு வேண்டியவனாக இருக்கலாம். ஊர் வாசலில் உட்கார்ந்து நியாயம் சொல்லும் பெரியவர்களில் ஒருவனாகவும் இருக்கலாம். கூலியாளின் புகார் அவர்கள் யாரிடமும் எடுபடாமல் போகலாம். ராத்திரியில் குளிரில் முடங்கிக் கிடப்பவனின் முனகல் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்று நம்புகிறவனால் மட்டுமே இந்தச் சட்டத்தைக் கைக்கொள்ள முடியும். விசுவாசத்துக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, இந்த இடத்தில் விசுவாசத்தை எடுத்துவிட்டால் சட்டமே நிற்காது.

இனி பாபிலோனுக்கு வருவோம்.

நீங்கள் படித்த கட்டுரை ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. ஹமுராபியின் கருங்கல் தூண் 1901இல் ஈரானின் சூசாவில் பிரெஞ்சு அகழ்வாளர்களுக்குக் கிடைத்தது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஹமுராபி கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்டவர். அந்தத் தூணில் முட்டுகிற மாடு இருக்கிறது. அதற்கும் முந்திய எஷ்னுன்னா நகரத்தின் சட்டத்தில் இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு: ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். யாத்திராகமம் 21:35 சொல்வதும் இதேதான். இத்தனை நெருக்கம் தற்செயலாக வராது. மேற்காசியா முழுவதும் எழுத்தர் பள்ளிகளில் புழங்கிய ஒரு சட்ட மரபு இருந்தது. இஸ்ரவேலரும் அதற்குள் பிறந்தவர்களே. இதை ஒப்புக்கொள்வதால் யாருடைய நம்பிக்கையும் குறைந்துபோகாது என்பது என் எண்ணம். கடவுள் ஒரு மக்களோடு பேசினார் என்று நம்புகிறவர்கள், அந்த மக்களுக்குத் தெரிந்த பேச்சில்தான் பேசியிருப்பார் என்றும் நம்பலாமே.

ஒற்றுமையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. முட்டும் என்று தெரிந்தும் மாட்டுக்காரன் அதன் கொம்பைக் கவனிக்கவில்லை. அது ஒரு சுதந்திர மனிதனைக் கொன்றுவிட்டது. ஹமுராபி அதற்கு அரை மினா வெள்ளி அபராதம் விதிக்கிறார், மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. யாத்திராகமத்தில் மாடு கல்லெறிந்து கொல்லப்படுகிறது, அதன் இறைச்சியை உண்ணக்கூடாது, எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதவன் உயிருக்கே பதில் சொல்ல வேண்டியவன். (அவன் மீட்புப் பணம் கொடுத்துத் தப்ப வழி உண்டு.) வேண்டுமென்றே செய்த கொலைக்கோ அந்த வழியும் இல்லை: கொலைகாரனின் உயிருக்காக மீட்புப் பணம் வாங்காதே என்று எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் தடுக்கிறது. திருட்டில் நேர் எதிர். ஹமுராபியிடம் பல வகைத் திருட்டுக்கு மரணம். இஸ்ரவேல் சட்டத்தில் களவாடிய பொருளுக்கு இரண்டு மடங்கு, ஆட்டுக்கு நாலு, மாட்டுக்கு ஐந்து என்று ஈடு கட்டினால் போதும். பொருளுக்காக உயிரை வாங்குவதில்லை. மனிதனையே திருடி விற்றவனுக்குத்தான் மரணம். மோஷே கிரீன்பெர்க் என்ற யூத அறிஞர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் அடியில் கிடக்கும் கருத்தைத் தோண்டி எடுத்துக் காட்டினார்: உயிரையும் பொருளையும் ஒரே தராசில் வைக்க அந்தச் சட்டம் மறுக்கிறது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் சொன்னதை இங்கே மாட்டுத் தொழுவம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம் பேசும் விதத்தில் இருக்கிறது. மற்ற நாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் ‘ஒருவன் இப்படிச் செய்தால், அவனுக்கு இப்படி’ என்ற வாய்பாட்டில் போகின்றன. யாத்திராகமத்திலும் அந்த வாய்பாடு உண்டு. நடுவே சட்டென்று ‘நீ’ என்று முகத்துக்கு நேராகத் திரும்பிவிடுகிறது. நீ அந்நியனை ஒடுக்காதே. விதவையை, திக்கற்ற பிள்ளையை நீ துன்புறுத்தாதே. இந்த இரண்டு வகைகளையும் 1934இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் பிரித்துக் காட்டியதிலிருந்து பைபிள் சட்ட ஆய்வே வேறு திசையில் போயிற்று. ‘நீ’ என்பதற்குப் பின்னால் அடிக்கடி ஒரு காரணமும் வருகிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள். தண்டனைக்குப் பயந்து நட என்று சொல்வது எளிது. உனக்கு நடந்ததை மறக்காதே, அதனால் இதைச் செய்யாதே என்று சொல்கிற சட்டம், கேட்கிறவனை ஆளாக மதிக்கிறது.

ஹமுராபியின் தூணில் மேலே ஒரு சிற்பம் இருக்கிறது. நீதியின் தெய்வமான சூரியதேவன் ஷமாஷ் உட்கார்ந்திருக்க, எதிரே ஹமுராபி நிற்கிறார்; தெய்வம் அவரிடம் கோலையும் வளையத்தையும் நீட்டுகிறது. ஆட்சியின் அதிகாரம் தெய்வத்திடமிருந்து ராஜாவுக்கு வருகிறது. கீழே உள்ள சட்டங்கள் ராஜாவுடையவை. தம்முடைய நீதியான தீர்ப்புகள் என்று முன்னுரையிலும் முடிவுரையிலும் அவரே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். பழைய ஏற்பாட்டிலோ ஒரு ராஜாவின் பெயரில்கூடச் சட்டத் தொகுப்பு இல்லை. தாவீதுக்குச் சங்கீதங்கள் உண்டு, சாலொமோனுக்கு நீதிமொழிகள் உண்டு, ஒருவருக்கும் சட்டம் கிடையாது. எல்லாம் சீனாய் மலையிலும் வனாந்தர வழியிலும், ராஜாவே இல்லாத காலத்தில் கொடுக்கப்பட்டவையாக வருகின்றன. அதற்கும் மேலே போய் உபாகமம் 17ஆம் அதிகாரம் ராஜாவுக்கே சட்டம் போடுகிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே, இந்தச் சட்டத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் படி. அன்றைய உலகத்தில் ராஜாவைப் பார்த்து இப்படிப் பேசுவது எளிதான காரியம் அல்ல.

நடைமுறையில் இதன் பொருள் என்ன என்பதற்கு நாபோத்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதலாம் ராஜாக்கள் நூலின் 21ஆம் அதிகாரம். யெஸ்ரயேலில் ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். காய்கறித் தோட்டம் போட வேண்டும், கொடு, இதைவிட நல்ல தோட்டமோ பணமோ தருகிறேன் என்று ராஜா கேட்கிறார். என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான் நாபோத். நிலம் கடவுளுடையது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் பங்கிட்டுக் கொடுத்தது, நிரந்தரமாக விற்கக்கூடாதது என்பது லேவியராகமத்தின் கொள்கை. ஆகாப் முகம் வாடிப் படுக்கையில் போய் விழுகிறார், சாப்பிட மறுக்கிறார். அவர் விரும்பியிருந்தால் ஆட்களை அனுப்பிப் பிடுங்கியிருக்கலாம். இஸ்ரவேலின் ராஜாவாக வளர்ந்தவருக்கு அப்படிச் செய்ய முடியாது என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தத் துக்கம். சீதோனிலிருந்து வந்த ராணி யேசபேலுக்கு அது விளங்கவில்லை. நீர்தானே ராஜா என்று கேட்கிறார். அவரும் நேரடியாகத் தோட்டத்தைப் பறிக்கவில்லை. உபவாச நாள் கூறச் செய்து, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்கார வைத்து, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல வைத்து, கல்லெறிந்து கொல்லச் செய்கிறார். சாட்சி இருவர் வேண்டும் என்ற விதி உள்பட, சட்டத்தின் சடங்குகள் எல்லாமே ஒழுங்காக நடந்தன.

இந்த இடம் என்னை எப்போதும் உலுக்குகிறது. சட்டம் எழுத்தில் இருப்பது போதும் என்று நினைக்கிற யாரும் இந்த அதிகாரத்தைப் படிக்க வேண்டும். யெஸ்ரயேலின் பெரியவர்களுக்குச் சட்டம் தெரியும். நாபோத்தையும் தெரியும், ஒரே ஊர்க்காரர்கள். கடிதம் அரண்மனை முத்திரையோடு வந்ததும் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவர்களுக்கு இல்லாமல் போனது சட்ட அறிவு அல்ல, ராஜாவுக்கு மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உறுதி. ஆகாப் தோட்டத்தைச் சுதந்தரித்துக்கொள்ள இறங்கி வரும்போது தீர்க்கதரிசி எலியா அங்கே நிற்கிறார். பதவி இல்லாத, படை இல்லாத ஒரு மனிதர், நீ கொலை செய்து சுதந்தரமும் எடுத்துக்கொண்டாயோ என்று ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்கிறார். தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலில் செய்த பெரிய வேலை இதுதான். புதிய சட்டம் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை யாருக்காக என்று நினைவுபடுத்தினார்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா ஊர் ஆமோஸ், அடகாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் பக்கத்திலேயே சாய்ந்து கிடக்கிறவர்களைச் சாடினார். மறுபடியும் அதே மேலாடை. கோயிலுக்கு வந்தவர்கள்தாம் அவர்கள், பக்தியில் குறைவு இல்லை.

விசுவாசம் என்றதும் கடவுள் உண்டென்று ஏற்பதைத்தான் நாம் நினைக்கிறோம். அன்று யாரும் கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. யாரோடு கட்டுப்பட்டு நிற்பது என்பதே கேள்வியாக இருந்தது. அதற்கு அவர்கள் எடுத்த வடிவம் அரசியல் உடன்படிக்கை. அசீரியப் பேரரசர் எசரத்தோன் கி.மு. 672இல் தம் கீழுள்ள சிற்றரசர்களை ஓர் உடன்படிக்கைக்கு உட்படுத்தினார். தமக்குப் பின் தம் மகன் அசுர்பானிபாலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், தங்களையே நேசிப்பதுபோல அவனை நேசிக்க வேண்டும், மீறினால் பயங்கரமான சாபங்கள். அதன் களிமண் பலகைகள் 1955இல் நிம்ரூதில் கிடைத்தன. உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் சாபங்களை அவற்றோடு ஒப்பிட்ட அறிஞர்கள் வரிசை முறை வரை ஒற்றுமை காண்கிறார்கள். யூதாவின் ராஜா மனாசே எசரத்தோனுக்குக் கப்பம் கட்டியவர். அசீரியப் பதிவுகளில் அவர் பெயர் இருக்கிறது. பேரரசன் கேட்ட முழு அன்பையும் முழுக் கீழ்ப்படிதலையும் எடுத்து, அது கடவுளுக்கு மட்டுமே உரியது என்று உபாகமம் சொல்கிறது. முழு இருதயத்தோடும் அன்புகூர் என்ற கட்டளை இந்தப் பின்னணியில் மென்மையான பக்திச் சொல்லாக மட்டும் கேட்பதில்லை. அசீரியாவின் நிழலில் வாழ்ந்த ஒரு சிறு நாட்டின் துணிச்சல் அதில் இருக்கிறது.

மக்கள் கைக்கொண்டார்களா? ஒரே சொல்லில் பதில் கிடையாது.

சீனாய் தீபகற்பத்தின் வடகிழக்கில் குந்திலேத் அஜ்ருத் என்ற வனாந்தரத் தங்குமிடத்தில் 1970களில் கிடைத்த, கி.மு. 800ஐ ஒட்டிய ஜாடிகளில் ‘சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்’ என்று ஆசி வேண்டி எழுதியிருக்கிறார்கள். யாவே இஸ்ரவேலின் கடவுள், அஷேரா கானானியர் வணங்கிய பெண் தெய்வம். வேறு தேவர்கள் உனக்கு வேண்டாம் என்ற கட்டளை இருக்க, அஷேரா எப்படி அங்கே? தீர்க்கதரிசிகள் ஓயாமல் திட்டியதற்குக் காரணம் இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. கி.மு. 622இல், யோசியாவின் பதினெட்டாம் ஆட்சியாண்டில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு சட்டச்சுருள் கண்டெடுக்கப்பட்டதாக இரண்டாம் ராஜாக்கள் நூல் சொல்கிறது. பிரதான ஆசாரியர் இல்க்கியா அதைக் கொடுக்க, எழுத்தர் சாப்பான் ராஜாவுக்கு வாசித்துக் காட்டினார். ராஜா துணியைக் கிழித்துக்கொண்டார். அதன் பொருளைக் கேட்க அவர்கள் போனது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். அந்தச் சுருள் உபாகமமோ அதன் முதல் வடிவமோ என்று 1805இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே முன்வைத்த கருத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்றும் ஏதோ ஒரு வடிவில் ஏற்கிறார்கள். ராஜாவுக்கே கேட்டுத் திடுக்கிடும்படி அந்தச் சட்டம் இருந்தது என்றால், அதுவரை அது எவ்வளவு தூரம் மறந்து கிடந்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

எகிப்தில் நைல் நதித் தீவான எலிஃபன்டைனில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுடைய அரமேயப் பாப்பிரஸ் சுவடிகள் கிடைத்திருக்கின்றன. பலி ஒரே இடத்தில்தான் செலுத்த வேண்டும் என்பது உபாகமத்தின் விதி. இவர்கள் தங்களுக்கென்று ஓர் ஆலயம் வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டபோது, திரும்பக் கட்ட உதவி கேட்டு எருசலேமுக்கே கூச்சமில்லாமல் கடிதம் எழுதினார்கள். அவர்களுடைய திருமண ஒப்பந்தங்களில் மனைவியும் மணமுறிவு கேட்கலாம். மோசேயின் சட்டத்தை அவர்கள் எங்கும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆனாலும் கி.மு. 419இல் புளிப்பில்லா அப்பப் பண்டிகையை எந்த நாள்களில் எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு கடிதம் அவர்களுக்கு வருகிறது.

யாவ்னே-யாம் கூலியாளும் சட்டத்தை மேற்கோள் காட்டவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எழுதிய சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துத் தீர்ப்புச் சொல்வது அன்றைய வழக்கமே அல்ல. ஹமுராபியின் சட்டத்தையும் பாபிலோனிய வழக்குப் பதிவுகள் அநேகமாக மேற்கோள் காட்டுவதில்லை. ஊர் வாசலில் பெரியவர்கள் உட்காருவார்கள்; ரூத்தின் கதையில் போவாஸ் பத்துப் பேரை உட்கார வைத்தது அப்படி. தாண் நகரத்தின் வாசலில் அப்படிப்பட்ட கல் திண்ணையை இன்றும் பார்க்கலாம். வழக்கமும் நினைவும் நியாய உணர்வும் சேர்ந்துதான் தீர்ப்பு. எழுதிய சட்டம் அந்த உணர்வைப் பயிற்றுவித்தது, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்பட்டது, பண்டிகைகளில் வாசிக்கப்பட்டது. வசனம் தெரியாத ஒரு கூலியாள், என் ஆடையை எடுத்தது அநியாயம், யாராவது கேட்க வேண்டும் என்று துணிந்து மனு எழுத வைக்கிறான் பாருங்கள், அந்தத் துணிவு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

சட்டம் அசையாத கல்லாகவும் இருக்கவில்லை. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கு முன்பாகவும் சபையாருக்கு முன்பாகவும் வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பன் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேயிடம் பதில் இல்லை. கடவுளிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது, அதுவே சட்டமாகிறது. சமாரியாவில் 1910இல் அகழ்ந்தெடுத்த, வரியாக வந்த எண்ணெய், திராட்சரசக் கணக்கெழுதிய ஓடுகளில் நோவாள், ஓக்லாள் என்ற இரண்டு பெயர்களும் நிலப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. தெய்வம் கொடுத்த சட்டத்தில் கேள்வி கேட்க இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்த ஐந்து பெண்களைக் காட்டுவேன்.

இதையெல்லாம் சொல்கிறபோது கடினமான பக்கங்களை மறைத்தால் உங்களுக்கு நேர்மையாக இருந்ததாக ஆகாது. எபிரெய அடிமைக்கு ஏழாம் வருஷத்தில் விடுதலை உண்டு. அந்நியரில் வாங்கிய அடிமையைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ள லேவியராகமம் 25 அனுமதிக்கிறது. எஜமான் அடித்த அடியில் அடிமை உடனே சாகாமல் ஓரிரு நாள் பிழைத்திருந்தால் தண்டனை இல்லை என்று யாத்திராகமம் 21 சொல்கிறது. இவற்றை எப்படி வளைத்தாலும் அழகாக்க முடியாது, அழகாக்கவும் கூடாது. அதே தொகுப்பில்தான், எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பிக் கொடுக்காதே, அவன் விரும்பிய ஊரில் உன்னோடு குடியிருக்கட்டும் என்ற உபாகமம் 23இன் சட்டமும் இருக்கிறது. ஹமுராபியிடம் ஓடி வந்த அடிமையை ஒளித்து வைத்தவனுக்கு மரணம். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு குரல்கள். பிடிவாதமுள்ள மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டத்தைப் பற்றிப் பிற்கால யூத ரபிகள், அப்படி ஒரு வழக்கு நடந்ததும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை என்று தல்மூதில் வாதாடினார்கள். சட்டத்தை மதித்தவர்களே அதனோடு மல்லுக்கட்டினார்கள்.

விசுவாசமும் சட்டமும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு எரேமியா 34ஆம் அதிகாரத்தைச் சொல்கிறேன். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம். பயத்தில் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே நடந்து, எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்தார்கள். எகிப்தின் சேனை வருகிறது என்று கேள்விப்பட்டு முற்றுகை கொஞ்ச நாள் விலகியது. உடனே விடுதலையானவர்களை எல்லாம் பிடித்து இழுத்து வந்து மறுபடி அடிமையாக்கினார்கள். நீங்கள் அறிவிக்காத விடுதலையை நான் அறிவிக்கிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடுகிறேன் என்ற கடவுளின் வார்த்தையோடு எரேமியா எழுந்தார். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள், கி.மு. 586இல் நகரமும் ஆலயமும் எரிந்தன.

சுமார் 140 ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் ஆளுநர் நெகேமியா மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வயலையும் பிள்ளைகளையும் கடனுக்கு ஈடு வைத்துத் தவிக்கும் மக்கள், ஆண்களும் அவர்கள் மனைவிமாரும், கூச்சலிட்டுக்கொண்டு வருகிறார்கள். நெகேமியா பெரிய சபையைக் கூட்டிப் பிரபுக்களைக் கடிந்துகொண்டார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை அதே மூச்சில் சொல்லி, வட்டியை விடுவோம், நிலங்களை இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஆசாரியர்களை அழைத்து ஆணையிட வைத்தார். சொன்னபடியே செய்தார்கள் என்று அவருடைய நூல் பதிவுசெய்கிறது.

நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து யாத்திராகமத்தின் 21, 22, 23ஆம் அதிகாரங்களை அவசரப்படாமல் மறுபடி ஒருமுறை படியுங்கள். வேகமாகப் போனால் மாடும் குழியும்தான் தெரியும். பிறகு லேவியராகமம் 19, உபாகமம் 15, 24. ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் இதில் யாருடைய குரல் கேட்கப்படாமல் போயிருக்கும் என்று ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தின் அளவுகளும் திரைச்சீலைக் கணக்கும் வரும் அதிகாரங்களைப் பின்னால் படித்துக்கொள்ளலாம்.